நிறுத்தச் சொன்னவர்

அவர் எந்த நாற்காலியிலும் வந்தவுடன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முதுகைப் பிடித்து ஓர் ஆட்டு. நடுவில் உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து. அதற்குப் பிறகுதான் உட்காருவார். ஃபேரர் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நாங்கள் முதன்முதலாகப் பேச உட்கார்ந்த அன்று, எனக்கு முன்னால் டேப்லட் திறந்திருந்தது, பேச வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அவரோ தன் நாற்காலியைச் சோதித்து முடித்துவிட்டு என்னுடையதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் எந்திரிம்மா."

எழுந்தேன். பின்னங்கால் ஒன்றில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். அதைக் கடைக்காரரிடம் காட்டி, ஓரமாக எடுத்து வைக்கச் சொல்லி, வேறொரு நாற்காலியை ஆட்டி அழுத்திப் பார்த்து எனக்குப் போட்டார். பிறகு தன் இடத்தில் உட்கார்ந்து, "இப்ப சொல்லு" என்றார்.

சொன்னேன். எனக்கு அப்போது காப்புறுதி முகவர், அதாவது இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், உரிமம் கிடைத்து ஓராண்டுகூட ஆகவில்லை. பாலிடெக்னிக்கில் படித்தது, பயிற்சி வகுப்பில் கேட்டது எல்லாவற்றையும் கலந்து மூச்சு விடாமல் பேசிய காலம் அது. படுக்கை, அறுவை சிகிச்சை, வீட்டுக்கு வந்த பிறகான மருந்து, எது எதற்கெல்லாம் நிறுவனம் பணம் கட்டும் என்று அவருடைய தோசை ஆறி விறைத்துப் போகும்வரை பேசினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எல்லாம் சரி. இது எங்க அறும்?"

காப்புறுதி எப்படி அறும் அங்கிள் என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அறாத பொருள் என்று ஒன்று இருந்தால் தன் கப்பல் பட்டறையில் முதல் ஆளாக வாங்கியிருப்பார்கள் என்றார். எங்கே அறும் என்று தெரிந்தால்தான் ஒரு பொருளை நம்பித் தூக்க முடியும் என்றார். பிறகு ஆறிப்போன தோசையை ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டார்.

தூத்துக்குடியிலிருந்து கடல் தாண்டி இந்த நாட்டுக்குக் கூலித் தொழிலாளியாக வந்தவர். செம்பவாங்கில் ஒரு கப்பல் பட்டறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து, கடைசியில் கிரேன் வேலைக்கு மேற்பார்வையாளர் ஆனார். இரும்புத் தகடோ எஞ்சின் துண்டோ, எதுவும் தரையை விட்டு எழும்புவதற்கு முன் அவர் பார்க்க வேண்டும். கம்பிவடத்தை வெறும் கையால் தடவிக்கொண்டே நடப்பார். கொக்கியைத் தட்டி அதன் சத்தத்தைக் கேட்பார். ஏதாவது மனதுக்கு ஒவ்வாவிட்டால் ஒரு கையை உயர்த்துவார். அவ்வளவுதான், கிரேன் நின்றுவிடும். அவர் கை இறங்கும்வரை யாரும் எதையும் அசைக்க முடியாது.

இதெல்லாம் அவர் சொல்லி எனக்குத் தெரிந்ததில்லை. எங்கள் பங்குக் கோயிலில் தமிழ்த் திருப்பலி முடிந்து கீழ்த்தளத்தில் காப்பி குடிக்கும் கூட்டத்தில் பாதிப் பேரிடம் அவரைப் பற்றி ஒரு கதை இருந்தது. பாடகர் குழுவில் இருந்த ஒரு வெல்டர் அண்ணன் சொன்ன கதை இது. ஒரு கப்பலை அன்றைக்கே ஒப்படைத்தாக வேண்டும். கப்பல் முதலாளியின் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். இவர் கையைத் தூக்கிவிட்டார். மேலாளர் வந்து கத்தினார், கெஞ்சினார், வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன் என்றார். இவர் கையை இறக்கவில்லை. வடத்தை மாற்றிய பிறகுதான் சுமை மேலே போயிற்று. கழற்றிய வடத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நாலைந்து இழை துருப்பிடித்து அறுந்திருந்தது.

"அன்னிக்கு நான் அதுக்குக் கீழதான் நின்னுக்கிட்டிருந்தேன்" என்று சொல்லி முடித்தார் வெல்டர் அண்ணன், காப்பியை ஆற்றிக்கொண்டே.

இன்னொன்று நானே பார்த்தது. திருவிழாவன்று மாதா சப்பரம் கோயில் வளாகத்தைச் சுற்றி வரக் கிளம்பியது. மெழுகுவர்த்திகள் ஏற்றியாயிற்று, பாண்டு வாத்தியம் தொடங்கிவிட்டது, சாமியார் தூபக்கலசத்தைக் கையில் எடுத்துவிட்டார். கூட்டத்தின் நடுவிலிருந்து அந்தக் கை உயர்ந்தது. சப்பர வண்டியின் சக்கரம் ஒன்று அவருக்குப் பிடிக்கவில்லை. புதுப்பட்டுப் புடவையில் நின்றிருந்த பெண்கள் வியர்வையில் நெளிய, அவர் வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்து வண்டிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். சக்கரத்துக்கு ஒன்றுமில்லை. எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "போலாம்" என்றார். இளைஞர் குழுவில் ஒருவன், "என்ன அங்கிள், மாதாவுக்கே பெர்மிட் குடுக்க மாட்டீங்களா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வெட்கப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

"நிறுத்துனதால செத்தவன் எவனும் இல்ல தம்பி."

இந்த வாக்கியத்தை அவர் அடிக்கடி சொல்வார். கிட்டத்தட்ட அவருடைய விசுவாசப் பிரமாணம். நாளாக ஆக எனக்கு அதைக் கேட்கவே பிடிக்காமல் போயிற்று.

ஏனென்றால் அவருக்குக் காப்புறுதி என்று எதுவுமே இல்லை. பட்டறையில் இருந்தவரை நிறுவனமே அவருக்கும் எடுத்து வைத்திருந்தது. பட்டறை ஆட்களைக் குறைத்தபோது வேலையோடு அதுவும் போயிற்று. அதற்குப் பிறகு உட்லண்ட்ஸில் ஒரு பயிற்சி நிலையத்தில் புது ஆட்களுக்குச் சுமை கட்டச் சொல்லிக்கொடுக்கும் வேலை, அதுவும் கூப்பிடும் நாட்களில் மட்டும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அரசாங்கத்தின் அடிப்படைக் காப்பு இருக்கிறது. அவர் இரண்டும் இல்லை. நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பித்துப் பார்த்தார், கிடைக்கவில்லை. இங்கேயே பிறந்த ஒரு பாலர்பள்ளி ஆசிரியையை நாற்பது வயதுக்கு மேல் திருமணம் செய்து, மனைவியின் பெயரில் கிடைத்த நீண்டகால வருகை அட்டையில்தான் இந்த ஊரில் இருந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். ஆஸ்பத்திரியில் ஒரு தடவை படுத்தால் முழுச் செலவும் சொந்தப் பணம்.

அது அவருக்கும் தெரியும். முதல் நாளே சொல்லிவிட்டார். பெரிய வியாதி என்று ஏதாவது வந்தால் ஊருக்குப் போய் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அதைத் தவிர்க்கத்தான் என்னைத் தேடி வந்தார்.

நான்கு திட்டங்களை எடுத்து வைத்தேன். அவர் ஒவ்வொன்றையும் எங்கே அறும் என்று கேட்டார். நான் போய்த் தேடிக்கொண்டு வந்தேன். சந்தா குறைவாக இருந்த திட்டம், சிறுநீரகம் கெட்டால் ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று கையை விரித்துவிடும். இன்னொன்றில் முதலில் நாம் ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டும், பிறகுதான் அவர்கள் திருப்பித் தருவார்கள். அந்த இடைவெளியில் யார் தலையில் விழும் என்று கேட்டார். மூன்றாவது, அறுபத்தைந்துக்குப் பிறகு சந்தாவை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். நான்காவது எனக்கே பிடித்த திட்டம். நல்ல காப்பு, தாங்கக்கூடிய சந்தா. அது அறும் இடத்தையும் கண்டுபிடித்தோம். அவருடைய வருகை அட்டை காலாவதியானால் காப்பும் அன்றோடு முடிந்தது.

"அட்டை புதுப்பிக்கக் குடுத்துருக்கோம், வர லேட்டாகுது. அந்த நடுவுல நெஞ்சு வலிச்சா?"

எனக்குத் தெரியவில்லை. தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். பதில் வரப் பல வாரம் பிடித்தது. வந்த பதிலில் தெளிவில்லை. மறுபடி எழுதினேன். என்னோடு உரிமம் வாங்கியவர்கள் அதற்குள் எத்தனையோ பேருக்குத் திட்டம் எடுத்துக் கொடுத்து மேடையில் கைதட்டு வாங்கினார்கள். நான் ஒரே மனிதருக்காக ஒரே வாக்கியத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கேட்ட எதுவும் வெட்டிக் கேள்வி இல்லை. அதுதான் அதைவிட எரிச்சல்.

ஒரு சனிக்கிழமை அவர்களுடைய உட்லண்ட்ஸ் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி, எனக்கு ஆன்ட்டி, மீ கோரிங் நூடுல்ஸ் வறுத்து வைத்திருந்தார். ஆன்ட்டியின் அப்பா உள்ளறையில் படுத்த படுக்கையாக இருந்தார். அவரைத் திருப்பிப் படுக்க வைக்க அங்கிளும் ஆன்ட்டியும் சேர்ந்து எழுந்து போனார்கள். பெரியவரின் கட்டில் கம்பியிலிருந்து ஒரு பட்டை தொங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு அவர் கொஞ்சம் எழும்ப முடியும். யார் கட்டிக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை, முடிச்சைப் பார்த்தாலே தெரிந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஆன்ட்டி என்னிடம் புகார் படித்தார். "உங்க அங்கிள் என்னையவே ஒரு வருஷம் செக் பண்ணித்தான் சரின்னாரு, தெரியுமா? பொண்ணு பாத்துட்டுப் போனவரு பதிலே சொல்லல. கோயில்ல எல்லாரும் கேக்குறாங்க, என்ன லா ஆச்சு உன் மாப்பிள்ளைக்குன்னு. நான் என்ன சொல்றது, இன்ஸ்பெக்‌ஷன் இன்னும் முடியலைன்னா?"

"செக் பண்ணதுல ஒண்ணும் சிக்கலயே" என்றார் அவர், தட்டைப் பார்த்துக்கொண்டு.

"அதுக்கப்புறம்தான எல்லாம் சிக்குச்சு."

மூவரும் சிரித்தோம். ஆனால் மின்தூக்கி வரை என்னோடு நடந்து வந்த ஆன்ட்டி வேறு குரலில் பேசினார். அவர் பாஷையிலேயே சொல்கிறேன்.

"ஏதாச்சும் ஆச்சுன்னா ஊருக்குப் போயிருவேன்றாரு பாப்பா. ரொம்ப ஈசியா சொல்றாரு. அப்பாவ இப்படி விட்டுட்டு நான் எப்படிப் போவேன்? லேட்டா கெடச்ச மனுஷன். எப்படியாச்சும் சைன் வாங்கிரு."

நானும் முயன்றேன். அன்றைக்கு எனக்குச் சரியான வார்த்தைகள் அகப்படவில்லை, பிறகுதான் வந்தன. பட்டறையில் அவர் கையைத் தூக்கினால் சுமை தரையிலேயே கிடக்கும். ஒரு மணி நேரம் கிடந்தாலும் ஒரு வாரம் கிடந்தாலும் அதே எடை, அதே இரும்பு. அங்கே நிறுத்துவதைவிடப் பத்திரமானது எதுவுமில்லை. உடம்பு அப்படிக் கிடக்காது. நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு வயதாகிறது, உள்ளே எங்கேயோ ஓர் இழை துருப்பிடிக்கிறது. நம் கையைப் பார்த்து நிற்கிற கிரேன் இல்லை அது. இதை இப்படி அழகாக அவரிடம் நான் சொன்னதில்லை. "லேட் பண்ணாதீங்க அங்கிள்" என்று மட்டும் சொன்னேன், எல்லா முகவர்களும் எல்லாரிடமும் சொல்வதைப் போல.

கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து தெளிவான பதில் வந்தது. அட்டை புதுப்பிக்கும் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும் காலத்திலும் காப்பு இருக்கும். எழுத்தில் தந்துவிட்டார்கள். அவர் அதைப் படித்து, தலையாட்டி, "சரி, போலாம்" என்றார். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அதே ஃபேரர் பார்க் கடையில் உட்கார்ந்தோம். பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் முடித்து உடல்நலக் கேள்விகளுக்கு வந்தார். இருதய நோய் இருக்கிறதா? இரத்தக் கொதிப்பு? சர்க்கரை?

பேனா நின்றது.

தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். பட்டறை மருத்துவர் இத்தனை வருஷமும் கண்ணையும் காதையும் மட்டும்தான் பார்த்தார். நெஞ்சுக்குள் யாரும் பார்த்ததில்லை. இல்லை என்று எழுதச் சொன்னால், இல்லை என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் கேட்கிறார்கள், தெரியாததை யாரும் எழுதச் சொல்லவில்லை, அதில் பொய் ஒன்றுமில்லை என்று விளக்கினேன். நிறுவனத்துக்குப் பரிசோதனை வேண்டுமென்றால் அவர்களே கேட்பார்கள் என்றேன். முதலில் கையெழுத்திட்டு அனுப்பிவிடலாம், சோதனையெல்லாம் அப்புறம் உங்கள் திருப்திக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றுகூடச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நான் சொல்வது சரிதான் என்றும் ஒப்புக்கொண்டார். பிறகு பேனாவை மூடினார்.

"எடை தெரியாம எப்படிம்மா தூக்குறது? ஒரு ஃபுல் செக்கப் எடுத்துட்டு வந்து எழுதிடுறேன். ஒரு வாரம்தான்."

சந்தேகம் வந்தால் அந்த மனிதர் அப்படித்தான். சட்டத்துக்குத் தேவையில்லை, நிறுவனத்துக்குத் தேவையில்லை. அவருக்குத் தேவை.

அடுத்த வாரம் சிராங்கூன் சாலையில் பூக்கடைகளை ஒட்டி நடந்துகொண்டிருந்தபோது கைபேசியில் கூப்பிட்டார். பேருந்துச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. ஒரு கடை ஓரமாக ஒதுங்கி நின்றேன். டிரெட்மில்லில் நடக்க விட்டார்களாம். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார்களாம். பாதியில் மருத்துவர் ஓடி வந்து நிறுத்திவிட்டாராம். இருதயத்துக்குப் போகும் குழாய்களில் அடைப்பு இருக்கும் போலத் தெரிகிறது, உடனே மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்றாராம். இதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்ததைப் போலச் சொன்னார். அந்த மருத்துவர் மேல் அவருக்குப் பெரிய மரியாதை.

"நல்லா வேல தெரிஞ்ச ஆளும்மா. டக்குனு நிறுத்திட்டாரு."

பக்கத்தில் ஓர் அம்மா மல்லிகைச் சரத்தை முழம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப இத ஃபார்ம்ல எழுதணும்ல?" என்றார்.

"எழுதணும் அங்கிள்."

"எழுதிரு."

விண்ணப்பத்தை அவர் அவ்வளவு சீக்கிரம் முடித்தது அந்த ஒரு தடவைதான். இனி அவருக்கு எல்லாம் தெரியும், எந்தக் கேள்விக்கும் பதில் இருந்தது. மருத்துவ அறிக்கையை இணைத்து, ஒரு வரி மறைக்காமல் கையெழுத்திட்டார். நான் வேறு இரண்டு நிறுவனங்களுக்கும் அனுப்பிப் பார்த்தேன். எனக்கு மேலே இருந்தவர் அனுப்பும்போதே உதட்டைப் பிதுக்கினார். மூன்று இடத்திலிருந்தும் ஒரே பதில்: ஏற்க இயலாது.

அதை நேரில்தான் சொல்ல வேண்டும் என்று பயிற்சி நிலைய வாசலில் அவருக்காகக் காத்திருந்தேன். பாதுகாப்புக் காலணியோடு வெளியே வந்தார். சொன்னேன். இப்படித் திருப்பி அனுப்பினால் என் வேலைக்கு ஏதாவது கெட்ட பேர் வருமா என்று விசாரித்தார். வராது என்றேன். அது வரைக்கும் நல்லது என்றார்.

அடைப்பு மூன்று இடத்தில் இருந்தது. இப்போது தெரியாமல் போயிருந்தால் என்றைக்காவது ஒருநாள் வேலை செய்யும் இடத்திலேயே விழுந்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆகவே அவரைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு நேராகிவிட்டது. பார்த்தது நல்லது, பார்த்ததால்தான் உயிர் இருக்கிறது. எனக்கு அந்தக் கணக்கு நேராகவே இல்லை. முதல் தோசை ஆறிய அன்றோ, மீ கோரிங் சாப்பிட்ட அன்றோ, பேனாவை எடுத்த அன்றோ அந்தக் கையெழுத்து விழுந்திருந்தால், அவருக்கே தெரியாத அந்த அடைப்புக்குக் காப்பு கிடைத்திருக்க வாய்ப்பு இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியாது. வாய்ப்பு இருந்தது. அவர் பிழைத்ததும் இழந்ததும் அந்த ஒரே பரிசோதனையால்தான். இதில் எந்தப் பக்கம் நின்று வருத்தப்படுவது என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

ஆன்ட்டி விடுவதாக இல்லை. அறுவை சிகிச்சையை இங்கேயே செய்யலாம், வீட்டை விற்றுவிட்டு வாடகைக்குப் போகலாம், கோயிலில் கேட்கலாம் என்று திட்டம் மேல் திட்டமாகச் சொன்னார். வேறு வழி ஏதாவது இருக்குமா என்று பார்க்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் கொண்டுபோன தாள்களில் வழி ஒன்றும் இல்லை. உள்ளே பெரியவர் இருமிக்கொண்டிருந்தார். அங்கிள் பேசியபோது பட்டறை ஆளாகத்தான் பேசினார்.

"சுமை தொங்குறப்ப கீழ ஆள் நிக்கக் கூடாது. அது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச சட்டம். இப்ப நாந்தான் சுமை. இந்த வீடு, உங்கப்பா, நீ, எல்லாரும் எனக்குக் கீழ நிக்கிறீங்க."

ஆன்ட்டி அவரையே பார்த்தார்.

"நான் பொண்டாட்டி. கீழ நிக்கிற ஆளு இல்ல."

அவர் மேசை விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். நான் என் தாள்களை அடுக்கினேன், மறுபடி அடுக்கினேன்.

அந்த மாதமே கிளம்பினார். மதுரையில் அறுவை சிகிச்சை, நல்லபடியாக முடிந்தது. எல்லாரும் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். சில மாதங்களில் திரும்பிவிடுவார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆன்ட்டி அவருடைய வேலைக் காலணியைத் துடைத்து வாசலில் வைத்திருந்தார். அவர் வரவில்லை. ஒருமுறை அடைத்த குழாய் இன்னொருமுறை அடைக்கலாம். அது இங்கே நடந்தால் அந்த வீடு போய்விடும். நடக்காது என்று எந்த மருத்துவரும் எழுதித் தரமாட்டார். நிறுத்தியவர் நிறுத்தியவர்தான். அட்டை காலாவதியானது. புதுப்பிக்க விண்ணப்பிக்கச் சொல்லி ஆன்ட்டி எத்தனையோ முறை கேட்டும் அவர் சம்மதிக்கவில்லை. ஆன்ட்டி பள்ளி விடுமுறைக்கு மட்டும், அப்பாவுக்குத் துணைக்கு ஆள் வைத்துவிட்டு, போய் வருகிறார்.

இதெல்லாம் சில வருஷக் கதை. எனக்கு இப்போது கைதட்டு மேடை பழகிவிட்டது. நடுவயதில் காப்பு இல்லாமல் யாராவது எதிரில் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தால், நான் இப்போது அவர்களை அவசரப்படுத்துகிறேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகவே. அப்படி அவசரப்படுத்திய ஒருவர் எங்கே அறும் என்று கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதுவும் என்னை உறுத்தியது.

போன மாதம் பெரியவருடைய ஆஸ்பத்திரிச் செலவைக் காப்புறுதியில் கேட்டு வாங்கும் வேலையாக ஆன்ட்டியைப் பார்க்க உட்லண்ட்ஸ் போயிருந்தேன். பேசி முடிக்க எட்டு மணி ஆகிவிட்டது. சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று ஆன்ட்டி எனக்கும் தட்டு வைத்தார். தண்ணீர்க் குடுவையில் கைபேசியைச் சாய்த்து நிறுத்தினார். திரையில் அங்கிள். இளைத்திருந்தார், நன்றாகவும் இருந்தார். அவருக்கு முன்னாலும் ஒரு தட்டு, அதில் சோறு, ஏதோ மீன்.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அம்மா எப்படி இருக்கிறார், வேலை எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு இருவரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். அதிகம் பேசவில்லை. இன்றைக்கு ரசத்தில் புளி ஏறிவிட்டது என்றார் ஆன்ட்டி. எனக்குப் பரவாயில்லையே என்றேன் நான். அவர் அங்கே சிரித்தார்.

அப்போதுதான் கவனித்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் முழுக்க வெயில். தெருவில் பிள்ளைகள் விளையாடும் சத்தம். யாரோ ஒரு பெண் குரல், அண்ணியாக இருக்கலாம், டீ போடவா என்று அவரிடம் கேட்டது. வேண்டாம், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார்.

தினமும் இப்படித்தானா என்று ஆன்ட்டியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அப்பா வேலயெல்லாம் எனக்கு எட்டு மணிக்குத்தான முடியுது" என்றார் ஆன்ட்டி. "அவருக்கு அப்ப அஞ்சரை. பசிக்கலேன்னாலும் ஒக்காந்துருவாரு."

திரையில் அவர் அந்த மாலை வெயிலில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.